மூச்சு முட்டிய அன்று

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. கழுத்தில் குழாய் போட்டிருப்பதால் உன்னால் பேச முடியாது என்று அம்மா சொன்னாள், அதனால் எழுதுகிறேன். டாக்டரிடம் போனில் விசாரித்தேன். வெறும் வைரஸ் காய்ச்சல்தானாம். அபூர்வமாக யாரோ ஒருவருக்குத்தான் தொண்டையின் மேல்பகுதி வீங்கி, மூச்சு போகும் வழியையே அடைத்துவிடுமாம். யார் எதிர்பார்த்தோம்? மருந்துக்கடையில் ஆள் இல்லை. கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் வருகிறேன்.

அண்ணன்

மார்ச் 7

அண்ணாவுக்கு,

அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். எச்சில்கூட இறங்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உனக்குப் போன் செய்தேனே, நீ என்ன சொன்னாய்? "மூச்சு விட முடியாதவ எப்படிடி இவ்வளவு பேசுறே? குடுத்த மாத்திரையப் போட்டுட்டுப் படு." பதினெட்டு வருஷமாக மருந்து விற்கிறவன் சொல்கிறானே என்று நம்பிப் படுத்தேன். கீழ்வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்திருக்காவிட்டால், என் பஸ்ஸுக்கு இந்நேரம் வேறு கண்டக்டர் வந்திருப்பார்.

அதைக்கூட விடு. நேற்று அம்மா கட்டிலருகே உட்கார்ந்து என்னைத் திட்டினாள். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு அண்ணன் தலபாடா அடிச்சுக்கிட்டானாமே, ஏன்டி கேக்கல?" நான் தலையை ஆட்டிவைத்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

தங்கச்சி

மார்ச் 11

தங்கச்சி,

உன் கடிதத்தை அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். கடையில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "பேச முடியாத புள்ளையப் போய்த் திட்டிட்டேனே" என்றாள், அவ்வளவுதான். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ நினைவில்லாமல் கிடந்த அன்று நான் வந்தேன். கண்ணாடிக் கதவு வழியே உன் கழுத்தைப் பார்த்தேன். "நீங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். அண்ணன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வார்டு மாறி வந்துட்டேன்" என்று திரும்பிவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி வருவது?

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

கோபம் தீரவில்லை, எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் குழாயை எடுக்கிறார்கள். எடுத்தபின் மூச்சு தானாக வருமா என்று எனக்கு உதறலாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் அழுதுவிடுவாள். ஒன்பதரைக்கே வந்துவிடு.

தங்கச்சி