டாக்கீஸுக்கு முன்னாடி

டேய்,

இன்று காலை செய்தித்தாளுக்குள்ளிருந்து ஒரு பிட் நோட்டீஸ் விழுந்தது. மை வாசனை இன்னும் போகவில்லை. அரியலூர் கடைவீதியில் புதிதாக மெத்தைக் கடை திறக்கிறார்களாம். கீழே முகவரி: பழைய டாக்கீஸ் எதிரில். பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு போனை எடுத்து உன் நம்பரையும் தொட்டுவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. என் விரலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த டாக்கீஸை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நாம் பிறக்கும் முன்பே அதை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி, மண்டபமும் ஓடாமல், இப்போது அது கண்ணாடிக் கதவு போட்ட ஃபர்னிச்சர் கடை. ஊருக்கு மட்டும் இன்னும் டாக்கீஸ்தான். நம் கடைவீதியில் இருக்கிற கடையை வைத்து யாரும் வழி சொல்வதில்லை, போன கடையை வைத்துத்தான் சொல்வார்கள். சோடாக்கடை முக்கில் சோடா விற்றது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அங்கே நிற்பது ஒரு ஏ.டி.எம். "அப்ப சோடாவுல காஸ் இருந்துச்சு, இப்ப ஏ.டி.எம்.ல காசு இல்ல" என்றாய். அதைப் பெரம்பலூர் போய் என் சித்தி பையன்களிடம் என் ஜோக் என்று சொல்லிப் பெயர் வாங்கினேன்.

எல்லோரும் தரையைப் பார்த்து நடக்கிற தெருவில் நீ அண்ணாந்து பார்த்தபடி நடப்பாய். செல்போன் கடையின் ஃப்ளெக்ஸுக்கு மேலே காரையில் செய்த தாமரைப்பூ. மருந்துக்கடை மாடியில் பாதி அழிந்த லாட்ஜ் பெயர். "கீழ பாத்தா கடை, மேல பாத்தா கதைடா." நின்ற இடத்திலேயே அந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது என்று டீக்கடையில் விசாரிப்பாய். நான் உன் பங்கு வடையையும் தின்றுகொண்டிருப்பேன்.

தா.பழூர்க்காரர் ஒருவர் கட்டில் வாங்க வந்தது நினைவிருக்கிறதா?

"தம்பி, டாக்கீஸுக்கு முன்னாடி என்ன கடைப்பா இருக்கு?"

"டாக்கீஸுக்கு முன்னாடி கடலைக் குடோன் இருந்துச்சுங்க" என்றாய் நீ.

"இருந்துச்சா? இப்ப எங்க?"

"டாக்கீஸே இல்லீங்க. அதுக்கு முன்னாடி இருந்தத எங்க போய்த் தேடுறது?"

அவர் துண்டை உதறிக்கொண்டு, "படிக்கிற புள்ளைங்களா நீங்க, வெளங்கிரும்!" என்று போனார். முன்னாடி என்றால் எதிரில். முன்னாடி என்றால் முந்தைய காலத்தில். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நாம் எத்தனை பேரைச் சுற்ற விட்டோம்!

உங்கள் பாத்திரக் கடையின் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்தின் கால் உடைந்து விழுந்தபோது நீதான் அதிகம் ஆடினாய். காற்றில் ஒரு துணைக்கால் போக, பாத்திரக் கடை பத்திரக் கடையாகிவிட்டது. முத்திரைத்தாள் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "உள்ள வாங்க, எல்லாம் ரொம்பப் பத்திரமா இருக்கு" என்று நீ அழைத்துக்கொண்டு போய்க் குத்துவிளக்கைக் காட்டுவாய். "ஏணிய எடுத்தாடா, மொதல்ல அந்தக் கால ஒட்டணும்" என்று உங்கள் அப்பா கத்துவார். ஏணி எங்கே இருக்கிறதென்று நம் இருவருக்கும் தெரியாமலே இருந்தது.

பிறகு ஒரு நாள் அப்பாவுக்கு டீ வாங்கத் தூக்குவாளியோடு ரோட்டைக் கடந்தாய். சுண்ணாம்புக்கல் லாரி. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

போன வாரம் உங்கள் கடையில் உங்கள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். பார்சல் கொண்டுவருகிறவர் போனில் வழி கேட்டார். பத்திரக் கடை, பாத்திரக் கடை எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. திடீரென்று தெளிவாகக் கேட்டார்: "அண்ணே, அந்தப் பையன் லாரியில அடிபட்டான்ல, அந்த எடத்துக்கு முன்னாடியா?"

அப்பா ஒரு குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆமாப்பா. அதுக்கு முன்னாடிதான்" என்றார்.

அவர் போனை வைத்ததும், "என்னப்பா நீங்களே இப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"வேற எப்புடிடா சொல்லச் சொல்ற? அவன் வந்து சேரணும்ல."

கடைவீதியில் பாதிப்பேருக்கு உன் பெயர் தெரியும். இருந்தும் அந்தப் பையன். டாக்கீஸை, சோடாக்கடையை என்ன செய்ததோ அதையே இந்தத் தெரு உன்னையும் செய்துவிட்டது. முன்னாடி என்ற சொல்லைக் கேட்டதும் எதிரில் என்ற அர்த்தம் எனக்கு வரவே இல்லை. அதற்கு முன்னாடி நீ இருந்தாய். தூக்குவாளி இருந்தது. கத்துவதற்கு அப்பாவிடம் குரல் இருந்தது. இதில் சொல்விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். ஒன்றும் இல்லை.

எனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு பழக்கம்தான். கடைவீதியில் யாராவது வழி கேட்டால் வாயைத் திறப்பதில்லை. "வாங்க" என்று மட்டும் சொல்லிக் கூடவே போய் விட்டுவிட்டு வருகிறேன். நேற்று ஏலாக்குறிச்சியிலிருந்து சீர்ப்பாத்திரம் எடுக்க வந்த அம்மா ஒருவர், "ஏந்தம்பி, கைய நீட்டிக் காட்டியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

பகலெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். அப்போது வருகிறவர்களுக்கு எப்படி வழி சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.