மஞ்சக்குட்டை வெள்ளையனின் கால்கள்

1984 பிப்ரவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அறையைத் திறந்தேன். கோயிலுக்குப் பின்னால் பழைய பெஞ்சுகள் கிடந்த அறை. சபைக் கமிட்டி அதை ஒழித்துக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. பகலில் சபைப் பள்ளியில் விளையாட்டும் உடற்கூறும் சொல்லிக்கொடுக்கிறேன். சாயந்திரமும் ஞாயிறும் இங்கே பிசியோதெரபி.

இன்று இரண்டு கணுக்கால், ஒரு முழங்கால், ஒரு தோள். தோள் வெள்ளையனுடையது. மஞ்சக்குட்டைக் கபடி அணியின் கேப்டன். சொந்தமாகக் கொஞ்சம் காப்பியும் ராகிக் காடும் உண்டு. கையைத் தூக்கு என்றால், "உங்களையும் சேத்துத் தூக்கட்டுங்களா?" என்கிறான்.

மதராஸில் கால்பந்துக் கிளப் வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டுக்கு ஏறி வந்ததில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம். எனக்கு இல்லை. முதல் உடம்பைத் தொடும் முன் கண்ணை மூடி ஜெபிக்கிறேன். இந்தக் கைகள் ஒரு காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டவை என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 26

வாழவந்தியில் போட்டி. வெள்ளையன் பாடிப் போய்த் திரும்பும்போது எதிரணி மொத்தமும் மேலே விழுந்தது. குனிந்திருந்தவன் அப்படியே இரண்டாக மடிந்துபோனான். நான் மைதானத்தின் மறுகோடியில் யாருக்கோ விரலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "தூக்காதீங்க, தூக்காதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஜீப்பின் பின்சீட்டில் முழங்காலை மடக்கித் திணித்துவிட்டார்கள். எல்லாரும் அவன் சிநேகிதர்கள். அழுதுகொண்டே செய்தார்கள்.

இறக்கி, பலகை போட்டு நேராகப் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனோம். வளைவுகளில் இறங்கும்போது கேட்டான்: "சார், எங்காலு எங்கீங்க இருக்குது?"

என் கை அவன் முழங்கால் மேல்தான் இருந்தது.

பிப்ரவரி 29

சேலம். முதுகெலும்பு நொறுங்கி நரம்பு அறுந்திருக்கிறது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தேனே.

வெளியே அவன் மனைவி முத்தாயி. "நல்லாயிருமுங்களா சார்?"

"ஜெபம் பண்றேம்மா" என்றேன்.

அது பதிலா?

மார்ச் 14

வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, விழுந்தவனை எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருவனைப் புல்லில் படுக்கவைத்துத் தலையையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் திருப்பச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வெளியே வந்து பார்த்தார்.

ஏப்ரல் 9

வெள்ளையனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளி விட்டதும் பஸ் பிடித்து மஞ்சக்குட்டை போய்வருகிறேன். புரட்டிப் போடுவது, மூத்திரக் குழாயைச் சுத்தம் செய்வது, கால் விறைத்துப்போகாமல் மடக்கி நீட்டுவது. முத்தாயி சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள். அழுவதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

"இன்னும் நொம்ப நாளு ஆகுமுங்களா?" என்றான். பொறுமையாக இருக்கச் சொன்னேன். கர்த்தரால் முடியாதது இல்லை. நான் அதை நம்புகிறேன். பிறகு ஏன் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல வரவில்லை?

மே 7

தாங்கல் இல்லாமல் உட்கார்ந்தான். இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, வேர்த்து விறுவிறுத்து. பஸ்ஸில் திரும்பும்போது வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

மே 24

சபைச் செயலாளர் தேவசிகாமணி அறைக்கு வந்தார். ஜூன் முதல் ஞாயிறு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வருகிறாராம். சுகமளிக்கும் கூட்டம். "அந்தக் கபடிப் பையனைக் கூட்டிட்டு வாங்க, ஐசக். ஒரு மலைக்கே சாட்சியா இருக்கும்."

நரம்பு அறுந்தவன் என்றேன்.

"லாசரு செத்து நாலு நாளாச்சு, கர்த்தர் எழுப்பலையா?" என்றார்.

கொண்டுவர மாட்டேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஜூன் 1

சபைக்காரர்கள் முத்தாயியிடம் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜீப் அனுப்புவார்களாம். வேண்டாம் என்றேன். அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏனுங்க சார், நீங்களும் அந்தச் சாமியத்தான கும்பிடறீங்க? அவிங்க நடப்பாருன்னு சொல்றாங்க. நீங்க எதுவுமே சொல்ல மாட்டீங்கறீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறதுங்க?"

வெள்ளையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 3, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

பந்தல் நிறையக் கூட்டம். தூறல். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, அவனை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரசங்கியார் தலையில் கை வைத்தார். அக்குளில் கை கொடுத்து இரண்டு பேர் நிமிர்த்தினார்கள். கால்கள் பாவாடை நாடா மாதிரி தொங்கின. அல்லேலூயா, அல்லேலூயா. நான் மேடையை நோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். வழி விடவில்லை.

"கையை எடுங்க, விசுவாசம் இவனை நிக்க வைக்கும்" என்றார் பிரசங்கியார்.

எடுத்தார்கள்.

தொடை எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கு வலியே இல்லை. தப்பான பக்கம் திரும்பிக் கிடந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடையதோ என்பது போல. "இவன் உள்ளத்தில் சந்தேகம் இருக்கிறது" என்றார் பிரசங்கியார்.

நான் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. மைக் கையில் இருந்தது. "இவர் மேல எந்தக் குறையும் இல்ல. நரம்பு அத்துப்போச்சு. இவர் இனிமே நடக்க மாட்டார். விட்டுடுங்க இவரை."

ஒலிபெருக்கியில் ஊரே கேட்டது. அவனும் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டான்.

தொடைக்குக் கட்டை வைத்துக் கட்டும்போது மெதுவாகக் கேட்டான்: "இத்தன நாளா தெரியுமுங்களா சார்?"

ஜூன் 4

ஜெபிக்க உட்கார்ந்தேன். வார்த்தை இல்லை.

ஜூன் 11

அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கும் இனி வர வேண்டாமாம். "ஊழியக்காரனா வைத்தியக்காரனா, ரெண்டுல ஒண்ணா இருங்க" என்றார் தேவசிகாமணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானோ இரண்டும் ஒன்றென்று நினைத்து வீட்டைவிட்டு வந்தவன்.

மேசையும் எடைக்கட்டைகளும் வாடகை வீட்டு முன்னறையில் கிடக்கின்றன. யாரும் வரவில்லை.

ஜூலை 2

தொடைக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். மஞ்சக்குட்டை போனேன். முத்தாயி வாசலை மறித்து நின்றாள். "போதுமுங்க. நீங்க யாருமே வராதீங்க."

திரும்பி நடந்தேன். உள்ளேயிருந்து குரல்: "உடு முத்தாயி, வரட்டும்."

இளைத்துவிட்டான். முதுகின் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆஸ்பத்திரிக் கட்டிலில் புரட்ட ஆளில்லாமல் வந்தது.

"சார், இனி நடக்கறதப் பத்திப் பேசாதீங்க. சாமியப் பத்தியும் பேசாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. என்ற பொண்டாட்டியக் கூப்பிடாம வெளிய வரோணும். அவ்வளவுதான்."

சரி என்றேன்.

"பொய் சொல்லாம சொல்லுங்க, முடியுமா?"

"புண் ஆறினா முடியும். ஆறலைன்னா முடியாது."

முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். தலையாட்டினான்.

ஆகஸ்ட் 19

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. கட்டிலிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து தரைக்கு. கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நகர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது. நானும் காலைக் கட்டிக்கொண்டு செய்து காட்டினேன். கவிழ்ந்து விழுந்தேன். சிரித்தான். முத்தாயிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

செப்டம்பர் 8

வாசலுக்கு வந்துவிட்டான்! தானாகவே. தெருவில் பையன்கள் கோடு கிழித்துக் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் வரை உட்கார்ந்து, "டேய், காலப் பாக்காத, இடுப்பப் பாரு" என்று கத்திக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 30

காய்ச்சல். குளிர் தூக்கிப் போடுகிறது. மூத்திரத்தில் சீழ். புண் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. சேலம் போகலாம் என்றேன். "அங்க வேண்டாமுங்க" என்றான். முத்தாயியும் நானும் கெஞ்சி ஜீப் ஏற்றினோம்.

அக்டோபர் 6

இன்று விடியற்காலம்.

அக்டோபர் 7

மழை விடவில்லை. காட்டோரம் புதைத்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். உதடு பழக்கத்தில் ஜெபத்துக்கு அசைந்திருக்க வேண்டும். குழியில் இறக்கும் முன் முத்தாயி திரும்பிப் பார்த்தாள். "பேச வேண்டாமுங்க சார். காலப் புடிங்க."

பிடித்தேன். ஒன்றுமே எடையில்லை.

நவம்பர் 25

கோயிலுக்குப் போகவில்லை. போகாதிருப்பதும் வலிக்கிறது. மணி அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். பிறகு திறந்தேன்.

சர்க்கார் பள்ளி விளையாட்டு வாத்தியார் முருகேசன் முழங்கால் வலியோடு வந்தார். அவர் பையன்களுக்கு வாரம் ஒருநாள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். சம்பளமெல்லாம் கிடையாதாம். போகிறேன் என்றேன்.

1985 பிப்ரவரி 17

குப்பனூர் ரோட்டில் ஓர் எஸ்டேட். சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறியவர் ஏணி சரிந்து விழுந்துவிட்டார், பெயர் ஐயாக்கண்ணு. ஆஸ்பத்திரியில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரச் சொல்லி எஸ்டேட் ரைட்டர் ஆள் அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் முத்தாயி நின்றாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "நானும் வாரேனுங்க" என்றாள். நான் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை.

ஊசியால் குத்திப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் மனைவி காளியாயி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிச்சு நடப்பாருங்களா?"

வாயில் பழைய பதில் வந்து நின்றது. முத்தாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடக்க மாட்டாரும்மா" என்றேன். ஐயாக்கண்ணுவுக்கும் கேட்கும்படி, அவர் பக்கம் திரும்பி.

காளியாயி தரையில் விழுந்து அழுதாள். வெகுநேரம். முத்தாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அழு கண்ணு. அழுதுட்டு எந்திரிச்சு வா. பொழுதுக்குள்ள ஒருக்கா அவரத் திருப்பிப் போடோணும், எப்படீன்னு காட்டறேன்."