அண்ணனுக்காகத் தூங்கிப் பார்த்தது

ஜூன் 3, செவ்வாய்

அண்ணன் குளியலறையில் மறுபடி விழுந்துவிட்டார். ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை. அவர் மகளுக்கு விடுப்பு இருபதாம் தேதியோடு தீர்கிறது. அதற்குள் நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்தாக வேண்டும். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி பாத்துட்டு வரட்டும். அவன் சரின்னா சரி."

வேறு யாரைச் சொல்வார்? நாற்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் நான். நான் ஏற்றி இறக்கிய ஆட்களை ஒருவர் தோள்மேல் ஒருவராக நிறுத்தினால் நிலாவில் துணி காயப்போடலாம். படிப்பு எட்டாவது. ஒன்பதாவதை நான்தான் வேண்டாமென்று விட்டேன்.

ஜூன் 5

கழிவறையில் கைப்பிடி உண்டா, டாக்டர் எப்போது வருவார் என்று முப்பது கேள்வி எழுதிக் கொடுத்தாள் அண்ணன் மகள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் முறையே வேறு. மதியம் போய், காலிக் கட்டிலில் அரை மணி நேரம் படுத்துப் பார்ப்பேன். படுத்தால் இடம் தானாகப் பேசும். உலகத்திலேயே இதைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

ஜூன் 7

முதல் இல்லம். மந்திரி வந்ததுபோல் எல்லோரும் எழுந்து நின்றார்கள். படுத்தேன். கண்ணை மூடினாலும் பினாயில் வாசனை உள்ளே வருகிறது. திரும்பிவிட்டேன்.

ஜூன் 10

இரண்டாவது இல்லம். நல்ல மெத்தை. யானை படுத்தாலும் பள்ளம் விழாது என்று அண்ணனிடம் சொன்னேன். "யானை தூங்குச்சா?" என்றார். இவருக்கு எப்போதும் குத்தல்தான்.

ஜூன் 11

எனக்குத் தூக்கம் வருவதில்லை என்பது வதந்தி. மனைவி போன இந்த மூன்று வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறேன் — அவ்வளவுதான்.

ஜூன் 13

மூன்றாவது இல்லம். பழைய கட்டடம். சுவரோரக் கட்டில். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் மேலே போகிறது. நான் காக்கிச் சட்டையில். ஒரு மாடியில் கதவு திறந்தால் உள்ளே மழை. அடுத்ததில் வெறும் மேகம், அதில் யாரோ விட்டுப்போன குடை. அதற்கும் மேலே எங்கள் சமையலறை. அவள் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறாள். மேலயா, கீழயா என்று கேட்டேன். "இங்கயே நிறுத்துங்க. என்ன அவசரம்?"

விழித்தபோது ஜன்னல் மஞ்சளாகியிருந்தது. நெஞ்சுவரை போர்வை. யாரோ என் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தார்கள். கதவோரம் துண்டு மடித்துக்கொண்டிருந்த நர்ஸ், நாலு மணி நேரம் ஆகிவிட்டது, எழுப்ப மனசு வரவில்லை என்றாள்.

வீட்டில் ஒன்பது மணி நேரம் என்று சொன்னேன்.

ஜூன் 14

"சித்தப்பா, முப்பதுல ஒன்னுகூடவா கேக்கல?" என்று பொரிந்து தள்ளிவிட்டு, அண்ணன் மகளே போய்க் கேட்டு வந்தாள். இருபத்தேழு சரியாம். படுத்தே இருபத்தேழு கண்டுபிடித்திருக்கிறேன்.

ஜூன் 16

அண்ணன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நெஜமா எவ்வளவு நேரம்டா தூங்கின?"

நாலு என்றேன். வாயில் உண்மை வந்துவிட்டது, என்ன செய்ய.

 அண்ணன் தன் மகளைக் கூப்பிட்டு, "அங்கயே போறேன். ரெண்டு கட்டில் ரூமா கேளும்மா" என்றார்.

எனக்கெதற்கு இல்லம், என் வீடு அரண்மனை, ஆட்கள் வந்தபடி இருப்பார்கள் என்று ஆரம்பித்தேன். "யார் வர்றாங்க? பால் பாக்கெட் போடுறவனா?" என்று கேட்டு அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"உனக்குன்னு யாருடா சொன்னா? எனக்குப் பயமா இருக்கு. நீ பக்கத்துல படுத்துப் பொய் சொல்லிட்டு இரு."

ஜூன் 20

வந்து சேர்ந்தோம். நான் ஆய்வுக்காகத்தான் தங்குகிறேன், ஒரே வாரம் என்று நர்ஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 9

ஆய்வு இன்னும் முடியவில்லை. கட்டில்களுக்கு நடுவே இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரே வரிசையில்.

நேற்றும் முந்தாநாளும் எழுத விட்டுப்போயிற்று. தூங்கிவிட்டேன்.