வெள்ளச்சிக்கு ஊசி போட்ட தைப்பூசம்

இன்று காலை மருந்து வாங்கக் கீழே இறங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் நம் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் சோயா பால் விற்கும் சீனர், பிழிந்த சக்கையை மூட்டையாகக் கட்டிக் கால்வாய் ஓரம் வைத்திருந்தார். வெயில் பட்டு அது புளித்துவிட்டது. மோனோரயிலுக்கு ஓடிய பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்றேன். அது நம் வேனின் வாசனை.

நீங்கள் விடியற்காலையில் சோயாக் கட்டி செய்யும் தவ்வூ தொழிற்சாலைக்குப் போய் மாடுகளுக்கு அந்தச் சக்கையை ஏற்றி வருவீர்கள். அதே வேனில்தான் கஞ்சி போட்ட சேலையோடு நான் வக்கீல் அலுவலகத்துக்குப் போவேன். தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்வேன். "மேடத்துக்கு நம்ம சென்ட்டு புடிக்கல" என்று சிரிப்பீர்கள். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், கிள்ளானில் மாட்டுக் கொட்டகை வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டதை என் தோழிகள் ஒரு வேடிக்கையாகத்தான் பேசினார்கள். எனக்கு அதில் வெட்கமில்லை. கொட்டகை என் கண்ணெதிரே சுத்தமாக இருக்க வேண்டும்; அவ்வளவுதான் என் நிபந்தனை. இருந்தது.

மாடு வைத்திருப்பது என்ன பாடு என்று பால் வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. எந்தக் கல்யாணத்துக்கும் நாம் சேர்ந்து போனதில்லை. நீங்கள் போனால் நான் இருக்க வேண்டும், நான் போனால் நீங்கள். மின்கம்பிக்குக் கீழே உள்ள புல்வெளியில் மேய விடும் முன், பிளாஸ்டிக் பை கிடக்கிறதா என்று குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டே முன்னால் நடப்பீர்கள். பக்கத்தில் புதிதாக வந்த தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் சாணி நாற்றம் என்று நகராட்சிக்குப் புகார் எழுதுவார்கள். நான் இலக்கணப் பிழையில்லாத மலாயில் பதில் எழுதுவேன். அவர்களே தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சொம்போடு வந்து, "அங்கிள், பசும்பால் இருக்கா?" என்பார்கள். நீங்கள் இல்லை என்று சொன்னதே கிடையாது.

அந்த ஒரு வருஷம் சொல்ல வேண்டி வந்தது.

பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வெள்ளச்சிக்கு மடி வீங்கியது. ஒரு பக்கம் கல்லாக இறுகி, தொட்டால் உதைத்தாள். பாலில் திரி திரியாகக் கட்டி வந்தது. மாட்டு டாக்டர் ஊசி போட்டு, மடிக்குள்ளும் மருந்து ஏற்றி, தான் சொல்லும்வரை அந்தப் பால் யாருக்கும் போகக் கூடாது என்றார். ஆனால் வேளை தவறாமல் கறந்தாக வேண்டும். கறந்து தென்னை மரத்தடியில் ஊற்றினீர்கள். கன்றுக்குப் பால்மாவு கரைத்துப் புட்டியில் கொடுத்தோம். அப்போது நம்மிடம் இருந்த இன்னொரு மாடு நிறைசினை. அதற்குப் பால் வற்றிவிட்டிருந்தது.

நீங்கள் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் அக்கா வந்தார். அவர் பேத்தி நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். பிறந்த வீட்டுப் பாலில் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டியிருந்தார். அப்பா அம்மா போன பிறகு அவருக்குப் பிறந்த வீடு என்பது நம் கொட்டகைதான்.

"என்னாடா இது, பால மண்ணுல ஊத்துற?"

"மாட்டுக்கு ஊசி போட்டிருக்குக்கா. இந்தப் பாலக் குடிக்கக் கூடாது."

"குடிக்கவா கேட்டேன்? சாமிக்குத்தான ஊத்தப் போறேன்!"

"ஊத்துன பாலப் புடிச்சிப் பிள்ளைங்களுக்குக் குடுக்கறாங்கக்கா. உன் பேத்தியே கையேந்தி வாங்குவா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. இவன் என்ன முருகனுக்கே சட்டம் பேசுறான்?"

நான் உங்கள் பக்கம்தான் நின்றேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப எனக்கு அம்மா வீடு இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்று சேலையை உதறிக்கொண்டு கிளம்பினார். நீங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "பூசத்தன்னிக்குக் காலையில வாக்கா. பால் இருக்கும்."

எங்கிருந்து என்று நான் கேட்டேன். நீங்கள் வாளியை எடுத்துக் கழுவப் போனீர்கள்.

பூசத்தன்று விடியுமுன் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தைப் பார்த்ததும் திகைத்தேன். காப்பார் சாலையில் மாடு வைத்திருந்தவரின் கொட்டகை. அந்த மனிதரோடு உங்களுக்குப் பேச்சே இல்லை. "அவன் மாட்டக் கறக்கறதில்ல, பைப்பத் தொறக்கறான்" என்று கிள்ளான் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் நீங்கள். அது அவர் காதுக்கும் போயிருந்தது.

நான் வேனிலேயே இருந்தேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் எல்லாம் கேட்டது.

"என்னா தலைவரே, இவ்ளோ காலையில? உங்க வீட்டுல தண்ணி கட் பண்ணிட்டாங்களா?"

மாடு கறந்துகொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். யாரிடமும் ஒரு கட்டுப் புல் கேட்டு அறியாதவர் நீங்கள். குடத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றீர்கள்.

"ஒரு கொடம் பால் வேணும்ணே. அக்காவுக்கு. பத்துமலைக்கு."

"உன் மாடு?"

"மடி வீங்கிருச்சி."

அதற்குப் பிறகு அந்த மனிதர் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம்? காய்ச்சல் இருக்கா? தீனி எடுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே குடத்தை வாங்கினார். தம் மாடுகளில் நல்லதாகப் பார்த்துத் தாமே உட்கார்ந்து, நீங்கள் பார்க்க, கறந்து கொடுத்தார். பணத்தை வாங்கவில்லை. "ஒரு சொட்டுத் தண்ணி இல்லப்பா. ஊருக்கெல்லாம் சொல்லிடு" என்றார்.

விடிந்ததும் அக்கா வந்து நம் கொட்டகை வாசலிலேயே குடத்தை வாங்கிக்கொண்டார்; எந்த மாட்டுப் பால் என்று கேட்கவில்லை. உங்களால் வெள்ளச்சியை விட்டு வர முடியவில்லை. அக்காவோடு நான்தான் பத்துமலைக்குப் போனேன். அத்தனை படியும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க அம்மா வீட்டுப் பாலு, என் தம்பி கறந்தது" என்றார். அச்சுப்பிழையைக்கூடப் பொறுக்காத நான், வாயை இறுக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

திரும்பி வந்தபோது நீங்கள் வெந்நீரில் துணி நனைத்து வெள்ளச்சியின் மடிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு காம்பு அதோடு போய்விட்டது, உயிர் தங்கியது. "அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டேன். நீங்கள் நிமிரவில்லை. "அவளுக்குன்னு இருக்கறது இந்த ஒரு வீடு. இருந்துட்டுப் போகட்டுமே" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு மாடுகளையும் விற்றாயிற்று. நேற்று அக்காவைப் பார்க்கக் கிள்ளானுக்கு ரயிலேறிப் போனேன். அவருக்கு இப்போது பல பெயர்கள் மறந்துவிட்டன. அந்தப் பால்குடம் மறக்கவில்லை. நேற்றும் சொன்னார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அந்தப் பேத்தி என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டாள்:

"சின்னப் பாட்டி, அந்த வருஷம் உங்க மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னு அப்பா சொன்னாரு. எங்க பாட்டி கன்ஃபியூஸ் ஆகிப் பேசறாங்களா? அது நெஜமாவே உங்க வீட்டுப் பாலா?"

கதவுக்கு அப்பால் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. காது மட்டும் அவருக்கு இன்னும் கூர்மை.

நான் பொய் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நேற்றும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கேட்கும்படியாக அவளிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்:

"அம்மா வீடு இருக்கும்போது, உன் பாட்டி வேற எங்கம்மா போவாங்க பாலுக்கு?"