கெராங்குகளுக்குப் பெரட்டு

5-7-1943, லூனாஸ்
2603 என்று எழுத வேண்டுமாம், ஜப்பான்காரர் கணக்கில். இது என் சொந்த நோட்டு. இதில் நான் எழுதுவதுதான் வருஷம்.

பதினாறு வருஷம் எஸ்டேட் கிராணி, கணக்கும் ஆஜரும் எழுதுகிறவன். இப்போது ரப்பர் பால் வெட்டு நின்றுபோய், காலைப் பெரட்டில் பேர் கூப்பிடக்கூட ஆளில்லை. இன்று பங்களாவில் இருக்கும் ஜப்பான் அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். இனி அவருக்கு உயிருள்ள கெராங் சிப்பி வரவழைத்துத் தருவது என் பொறுப்பாம். நானோ பரம்பரைச் சைவம். முட்டையைக்கூடக் கண்ணால் பார்த்ததோடு சரி.

முன்பு இருந்த சமையல்காரன் கெட்டுப்போன கெராங்கைப் போட்டு அதிகாரிக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது. அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். அதிகாரி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். "பெருட் சாகிட், லூ பெர்கி சயாம்" என்றார் அரைகுறை மலாயில். அவர் வயிறு வலித்தால் நான் சயாம். இங்கிருந்து போனவர்கள் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. பயமாக இருக்கிறது.

6-7-1943
உமையாளிடம் சொன்னேன். "அந்தக் கருமம் என் வாசப்படி தாண்டக் கூடாது, ஆமா" என்றாள். நான் சயாம் போவதைப் பற்றி அப்புறம்தான் கேட்டாள். பதினெட்டு வருஷத் தாம்பத்தியம்.

9-7-1943
முதல் மூட்டை வந்தது. கோத்தா கோலா மூடாவில் கடலோரச் சேற்றில் இறங்கி அள்ளுபவள் மருதம்மாள், முன்பு எங்கள் எஸ்டேட்டில் பால் வெட்டியவள். பக்கிரிசாமியின் மாட்டு வண்டியில் மூட்டையோடு தானும் வந்தாள். இறங்கியதும் தங்கச்சியைப் பார்க்கக் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டாள்.

எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது? எனக்குத் தெரிந்தது பெரட்டு ஒன்றுதான். கொட்டகையில் வரிசையாக அடுக்கினேன். வாய் திறந்தவன் ஆஜர், வாய் மூடியவன் ஆஜரில்லை. திறந்திருந்த முப்பத்தொன்றையும் பங்களாவுக்கென்று வாளியில் போட்டேன். அழுத்தமாக மூடிக்கொண்டிருந்ததையெல்லாம் குப்பைமேட்டில் கொட்டினேன். வாளியில் நாற்றம் கொஞ்சம் பலம்தான். கடல் வாசம் அப்படித்தான் போலும் என்று நினைத்தேன்.

நல்ல வேளை, மருதம்மாள் திரும்பி வந்தாள். வாளியைப் பார்த்தாள்.

"கிராணியாரே, யாரைக் கொல்லப் போறீங்க?"

"ஏன்?"

"இதெல்லாம் செத்த பொணம். உசுரு இருக்கறதுதான் வாய மூடிக்கும்."

இருவரும் குப்பைமேட்டில் குனிந்து பொறுக்கினோம். பக்கிரிசாமி வண்டியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான். மாடு மட்டும்தான் மரியாதையாக நின்றது.

முப்பத்தொரு பிணம் — ஒன்று போதுமே என்னை ரயிலேற்ற.

10-7-1943
மருதம்மாள் போகும்போது சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன். "கெணத்துத் தண்ணியில ஊறப்போடாதீங்க, செத்துரும். ஈரக் கோணிய மேல போட்டு நெழல்ல வைங்க. வாய் தொறந்திருந்தா தட்டிப் பாருங்க. மூடுச்சுன்னா உசுரு இருக்கு. மூடலன்னா வீசிருங்க, பாவம் பாக்காதீங்க லா. உசுரோட இருந்தாலும் சேத்துக் கிருமி உள்ள இருக்கும், நல்லா கொதிக்கணும்."

அதிகாரிக்கோ அரை வேக்காடுதான் பிடிக்குமாம். செத்தேன்.

12-7-1943
ஈரக் கோணியை விலக்கிப் பெரட்டு நடத்தினேன், கையில் ஒரு கரண்டியோடு. ஒவ்வொன்றாகத் தட்டினேன். இருநூற்றுப் பதினெட்டு ஆஜர், ஒன்பது ஆஜரில்லை. ஆட்களுக்கு ஆஜர் போட்ட பழைய செக்ரோலிலேயே பதிந்தேன். கை பழகிய வேலை, மனசுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

பங்களாவில் நானே நின்று கொதிக்கவைத்தேன். அதிகாரி வந்து பானையை இறக்கச் சொன்னார். முடியாது என்று தலையாட்டினேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்போதும் நான் இறக்கவில்லை. வெந்த பிறகு ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நீ முதலில் தின்னு என்று சைகை.

சிவசிவா. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டதாக உமையாளிடம் சொன்னேன். மென்றேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

13-7-1943
அவருக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை.

26-7-1943
தலையில் இடி. அதிகாரிக்குச் சயாமுக்கு மாற்றல். வயிறு இரண்டு வாரமாக ஒழுங்காக இருக்கிறதாம், அதனால் என்னையும் கூடவே கூட்டிப் போகிறாராம். பட்டியலில் பேர் ஏறிவிட்டது. தோளில் வேறு தட்டிக்கொடுத்தார்.

கெட்டதைப் போட்டாலும் சயாம், நல்லதைப் போட்டாலும் சயாம் — என்னய்யா நியாயம் இது? உமையாள் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

27-7-1943
காலையிலேயே பங்களாவுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் கொட்டினேன். அங்கே காடு, பக்கத்தில் கடல் இல்லை. ரயிலில் வந்து சேர்வதற்குள் மூட்டை முழுக்க வாய் பிளந்துவிடும். மாஸ்டர் கேட்டால் அதைத்தான் நான் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், "பெருட்—" என்று அவர் வயிற்றைக் காட்டினேன்.

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து என் பேரை அடித்தார்.

30-7-1943
அதிகாரி நேற்றுப் போய்விட்டார். அது தெரியாமல் பக்கிரிசாமி இன்று வழக்கம்போல மூட்டையை இறக்கினான். தட்டிப் பார்த்துக் கழித்தது போக நூற்றுத் தொண்ணூறு. கிழங்கையே தின்று அலுத்த லயத்து ஜனங்களுக்குப் பங்கிட்டேன், நன்றாகக் கொதிக்கவையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி. கடைசியில் ஒரு சட்டி மிஞ்சியது.

உமையாள் அடுப்பைத் தூக்கிப் புழக்கடையில் வைத்து, அந்தச் சட்டியை ஏற்றினாள். மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். எனக்கும் தனக்குமாக இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.