கறுத்துப்போன தாடி

சனிக்கிழமை இரவு.

நாளை என் மகளைப் பெண் பார்க்கப் பழனியிலிருந்து வருகிறார்கள். நரைத்த தாடிக்கு மருதாணி வைத்துச் சிவப்பாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் தப்பு. என் கடையிலேயே விற்கிற பாக்கெட்தான். 'மருதாணி' என்பதைப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த 'கறுப்பு' கண்ணில் படவில்லை. சிவக்க வேண்டிய தாடி அட்டைக் கறுப்பாகிவிட்டது.

எலுமிச்சம்பழம், சோடா உப்பு, ஷாம்பு எல்லாம் தேய்த்துப் பார்த்தேன். கடைசியில், எங்கள் கொடைக்கானலில் எல்லாக் கோளாறுக்கும் பூசுகிற யூக்கலிப்டஸ் தைலத்தையும் பூசினேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

மகள் எட்டிப் பார்த்து, "அத்தா, நாளைக்கு மாப்பிள்ளை நீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை.

"வெள்ளனே எந்திரிச்சு மழிச்சிரட்டுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சும்மா இருங்க. போட்டோவுல இருந்த தாடி எங்கேன்னு கேப்பாங்க" என்றவள், என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "என்னைப் பாக்க வந்தப்ப இப்படித்தான் இருந்தீங்க. தைல வாடை உட்பட."

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு வேணாம்னுதான் சொன்னேன். எங்கத்தாதான் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

விளையாட்டா, நிஜமா? எழுப்பிக் கேட்கப் பயமாக இருக்கிறது. இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியாது.

மகளிடம் நானும் இதுவரை, சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.