மேட்டு லைன் சேர்வராயன்

4-7-94, திங்கள்

விடிகாலையிலிருந்து சாரல். எஸ்டேட் ஆபீஸ் ஓடு இன்னும் ஒழுகுகிறது. ரைட்டர் வேலை, வேலைக்கு வந்த ஆள் பேரைப் பதிவேட்டில் போட்டு முடிப்பதற்குள் தோட்டத்தில் கூச்சல். சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறிய, மேட்டு லைன் கூலி வீடுகளில் குடியிருக்கும் சேர்வராயன் வழுக்கி விழுந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஜீப்பில் போட்டு சேலம் ஆஸ்பத்திரி. மலை இறங்குகிறவரை பேசிக்கொண்டே வந்தான், வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர்: முதுகெலும்பு. கோயம்புத்தூரில் ஆபரேஷன். சீக்கிரம்.

5-7, செவ்வாய்

இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு போன். எங்கள் பாலிசியில் ஆஸ்பத்திரிச் செலவும் உண்டு. அவர்கள் கடிதம் கொடுத்தால்தான் கோயம்புத்தூரில் சேர்ப்பார்கள். முதலாளி கையிலிருந்து முன்பணம் போட மாட்டாராம். போனில் பேசிய பெண் புதுக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "சேர்வராயன், அப்பா பேரு கந்தன். போன வருஷமே இறந்துட்டாருன்னு இருக்குங்களே" என்றது.

அது பாம்பு கடித்துச் செத்த பள்ளத்து லைன் சேர்வராயன். அவன் அப்பாவும் கந்தன்தான். தலைப்பிள்ளைக்கு இந்த மலையின் சாமி பெயரை வைப்பது இங்கே வழக்கம். எங்கள் எஸ்டேட்டில் மட்டும் ஐந்து சேர்வராயன். லைனைச் சொன்னால் சின்னக் குழந்தைக்கும் ஆள் தெரியும். கம்ப்யூட்டரில் லைன் போட இடமில்லையாம். நல்ல மிஷின்.

7-7, வியாழன்

கொட்டுகிற மழை. முதல் பஸ்ஸில் சேலம் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு நேரிலேயே போனேன். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏ.சி. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். எரிச்சலாக வந்தது. ஆனால் அங்கே ஆபீசர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். முன்பென்றால் அவரே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். இப்போது மெட்ராஸ் ஹெட் ஆபீசில் திருத்தினால்தான் இங்கே கடிதம் அச்சாகும். "எனக்குப் புரியுதுங்க ரைட்டர். மிஷின் ஏத்துக்க மாட்டேங்குது."

அங்கிருந்து ஆஸ்பத்திரி. சேர்வராயன் பெண்சாதி பொன்னியிடம் நடந்ததைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு மூச்சு வுடறாருங்க. அவிங்கள ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்க."

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று அழுதேன்.

வீட்டுக்கு: தீப்பெட்டி, சீயக்காய், பாப்பாவுக்கு இருமல் மருந்து. மருந்தை மறந்தாயிற்று. வீட்டில் திட்டு.

9-7, சனி

சேர்வராயனுக்குக் காய்ச்சல். சளி நெஞ்சைக் கட்டிவிட்டது. முதலாளியிடம் மறுபடி கேட்டேன். இன்ஷூரன்ஸ் பின்னே எதற்கு என்கிறார். என்ன மனிதரோ. மெட்ராசுக்கு ஒரு தந்தி. நாளை ஞாயிறு, யாரும் பார்க்க மாட்டார்கள்.

11-7, திங்கள்

மழை விட்டிருக்கிறது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். சேர்வராயன் போய்விட்டான். ஜீப்பை அனுப்பினேன். லைனில் சொல்ல ஆள் அனுப்பினேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் மறுபடி மணி. இன்ஷூரன்ஸ் ஆபீசர். குரலில் அத்தனை சந்தோஷம்.

"ரைட்டர், சரி பண்ணிட்டாங்க. உங்க ஆளு உயிரோட இருக்காருன்னு கம்ப்யூட்டர்லயே வந்துருச்சு. இன்னிக்கே கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போங்க."

சரிங்க என்றேன். போனை வைத்துவிட்டேன்.